புரோஜெஸ்டிரோன் போன பாதை

திருப்புட்குழியில் வறுத்த பயறு முளைக்கும் என்பது ஐதீகம். குழந்தை வரம் கேட்டு வரும் பெண்கள் ஜடாயு தீர்த்தத்தில் குளித்துவிட்டு, வறுத்து நனைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்து பார்க்கும்போது பயறு முளை விட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் கண் திறந்துவிட்டாள் என்று அர்த்தம். விஜயராகவப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுச்செட்டி சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். அதே பஸ்ஸில் வரும் வேறு சில பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை இருக்கும். அவர்களுக்கு வேண்டியது 'அந்தரா' ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று, காசு கிடையாது, போட்டுக்கொண்டால் அதுவரை கரு தங்காது.

அந்த ஊசி மருந்தில் இருப்பது மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், 150 மில்லிகிராம். இயற்கையான புரோஜெஸ்டிரோனைக் கொஞ்சம் மாற்றிச் செய்த பிரதி. காஞ்சிபுரத்தில் செயற்கைக் கருத்தரிப்பு செய்துகொண்டவருக்குக் கரு கலையாமல் இருக்க மாதக்கணக்கில் எழுதிக்கொடுக்கும் மாத்திரையிலோ ஜெல்லிலோ இருப்பது அதன் அசல். பிள்ளை வேண்டாம் என்பவருக்கும் அதே குடும்பத்து மருந்து, வேண்டும் என்பவருக்கும் அதே குடும்பத்து மருந்து. இந்த மூலக்கூறு மூக்கு வழியாகவும் ஒரு பயணம் போனது. டெல்லியில் தொடங்கிய அந்தப் பயணத்தை நடத்தியவர், தன் பெயரில் திருச்சியைச் சுமந்த ஒரு விஞ்ஞானி.

புரோஜெஸ்டிரோன் முதலில் பிடிபட்டது முயலில். 1929-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் அவரது மாணவர் வில்லர்ட் ஆலனும், கருவுற்ற முயலின் சூலகத்தை எடுத்துவிட்டால் கரு அழிகிறது, சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் உண்டாகும் மஞ்சள் திசுவின் சாற்றைச் செலுத்தினால் பிழைக்கிறது என்று காட்டினார்கள். 1934-இல் நான்கு ஆய்வுக்கூடங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தன. ஜெர்மனியில் அடால்ஃப் பூடெனன்ட் இதற்காக 50,000 பெண் பன்றிகளின் சூலகங்களைக் கரைத்தார். கிடைத்தது 20 மில்லிகிராம், நகக்கண்ணில் ஒட்டும் அளவு. இந்தக் கணக்கில் போனால் மருந்தாக விற்க முடியுமா? ரஸ்ஸல் மார்க்கர் என்ற பிடிவாதக்கார வேதியியலாளர், மெக்சிகோக் காட்டில் விளையும் ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்து அதிலிருந்து கிலோக்கணக்கில் செய்துகாட்டினார். நம் பெருவள்ளிக்கிழங்கின் தூரத்து உறவு அது. இரண்டு ஜாடிகளில் அடைத்த புரோஜெஸ்டிரோனைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு மெக்சிகோ சிட்டியின் ஒரு மருந்துக் கம்பெனிக்குள் அவர் நடந்து போனதும், அங்கே இருந்தவர்கள் வாயடைத்துப் போனதும் வேதியியல் உலகில் இன்றும் சொல்லப்படும் கதை. 1944-இல் அங்கே சின்டெக்ஸ் பிறந்தது. விலை சரிந்தது.

ஆனால் ஒரு தடை தீரவில்லை. வாயில் போட்டால் குடல் உறிஞ்சும். உறிஞ்சியது எல்லாம் முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே புரோஜெஸ்டிரோனில் பெரும்பகுதி சிதைந்துவிடும். கல்லீரலைத் தாண்டிப் பிழைக்கும்படி மூலக்கூறையே மாற்றியதால்தான் 1951-இல் நோரெத்திஸ்டிரோன் வந்தது, அதன் வழியில் கருத்தடை மாத்திரையும் வந்தது. இந்தக் கல்லீரல் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் அது திரும்பத் திரும்ப வரும்.

டிரிச்சினோபோலி செல்வராஜ் ஆனந்த் குமார் 1936-இல் பிறந்தவர். ஆய்வைத் தொடங்கியது ஜெய்ப்பூரில், ராஜஸ்தான் பல்கலைக்கழக விலங்கியல் துறையில், பேராசிரியர் எல். எஸ். ராமசுவாமியிடம். எடுத்துக்கொண்ட விலங்கு தேவாங்கு. சோதிடக்காரன் கூண்டிலும் மாந்திரீகர் வீட்டிலும் படாத பாடு பட்ட அதே தேவாங்குதான், பெரிய கண், ஒல்லிக்கால். கடவூர் மலைப்பகுதியில் 2022-இல்தான் தமிழக அரசு அதற்கென்று ஒரு சரணாலயம் அறிவித்தது. அறுபது வருடம் முன்னால், 1962-இல், ராமசுவாமியும் ஆனந்த் குமாரும் தென்னிந்தியத் தேவாங்கின் இனப்பெருக்கச் சுழற்சியைப் பற்றி ஒரு சிறு கட்டுரையை ஜெர்மன் ஆய்விதழில் வெளியிட்டார்கள். 1965-இல் விரிவான கட்டுரை வந்தது. அதே வருடம் எலிவால் வௌவாலின் இனப்பெருக்கம் பற்றியும் எழுதினார் ஆனந்த் குமார்.

தேவாங்கும் வௌவாலும் ஹார்மோன் ஆய்வுக்கு எதற்கு என்று கேட்கலாம். இவை மாதா மாதம் கருவுறும் பிராணிகள் இல்லை. இவற்றுக்குப் பருவம் உண்டு. வெளியே உள்ள காலம் உடம்புக்குள்ளே எப்படிப் போய்ச் சேருகிறது? சூலகத்துக்குக் கண் கிடையாது. பார்ப்பது மூளை. அப்படியானால் மூளை சூலகத்துக்கு ஆணை அனுப்ப வேண்டும், சூலகம் 'வேலை முடிந்தது' என்று மூளைக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் எந்த வழியாக வருகிறது என்பதுதான் ஆனந்த் குமாரைக் கடைசிவரை பிடித்துக்கொண்ட கேள்வி என்பது, அவர் கட்டுரைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது.

அறுபதுகளில் இந்தத் துறையே ஒரு சண்டைக்களம். மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் சில ரசாயனங்களைச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் வழியாகக் கீழே உள்ள பிட்யூட்டரிக்கு அனுப்பி அதை ஆட்டி வைக்கிறது என்றார் ஜெஃப்ரி ஹாரிஸ். அதை விடாமல் எதிர்த்தவர் பர்மிங்காம் உடற்கூறியல் துறைத் தலைவர் சாலி சக்கர்மேன். அந்தத் துறையில்தான் சர் பிரான்சிஸ் நோல்ஸும் இருந்தார். இவர் பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியாராக இருந்துகொண்டே இறால், நண்டு இனங்களின் ஹார்மோன்களை ஆராய்ந்து பெயரெடுத்த விசித்திர மனிதர். இவரோடு ஆனந்த் குமார் சேர்ந்தார். விலங்கு மாறியது: தேவாங்கு போய் வட இந்தியச் செம்முகக் குரங்கு வந்தது.

அவர்கள் பார்த்தது மூளையின் நடுவே உள்ள மூன்றாவது அறையின் தரையை. அந்த அறை நிறையத் தெளிந்த நீர். முதுகுத்தண்டு வரை சுற்றிவரும் மூளைத் தண்டுவடத் திரவம். தரையில் வரிசையாக நிற்கும் டேனிசைட் என்னும் செல்களின் தலை அந்த நீரில் தோய்ந்திருக்கும். வால் நீளமாகக் கீழே இறங்கி, பிட்யூட்டரிக்குப் போகும் ரத்தக்குழாய்களின் சுவரைத் தொடும். 1967-இல் 'நேச்சர்' இதழில் இருவரும் எழுதியது இதைத்தான்: மூன்றாவது அறையையும் பிட்யூட்டரியின் ஒரு பகுதியையும் இணைக்கும் ஓர் அமைப்பு குரங்கில் இருக்கிறது. 1969-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்த நீண்ட கட்டுரை, அந்தப் பகுதியின் அமைப்பு இனப்பெருக்க நிலைக்கு ஏற்ப மாறுவதைக் காட்டியது.

ஹாரிஸ் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. ஆண்ட்ரூ ஷாலி 1,65,000 பன்றிகளின் ஹைப்போதலாமஸிலிருந்து சூலகத்தைத் தூண்டும் ஆணையைப் பிரித்தெடுத்தார். வெறும் பத்து அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 1977-இல் ஷாலியும் ரோஜர் கியூமினும் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மூளையிலிருந்து கீழே இறங்கும் பாதையைத் தேடியவர்களுக்குப் புகழ் கிடைத்தது. மேலே ஏறும் பாதையைத் தேடியவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

டெல்லி எய்ம்ஸ் உடற்கூறியல் துறைக்குத் திரும்பிய ஆனந்த் குமார் கேள்வியை இப்படி மாற்றினார்: மூளைக்கு உள்ளே இருக்கும் நீர் ஹார்மோனைக் கேட்கும் காது என்றால், ரத்தத்திலிருந்து எவ்வளவு ஹார்மோன் அந்த நீரில் கலக்கிறது? ஜி. எஃப். எக்ஸ். டேவிட்டுடன் சேர்ந்து குரங்குகளில் அதை அளந்தார். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவதெல்லாம் அப்படியே உள்ளே போய்விடாது. அப்படியானால் ரத்தத்தைச் சுற்றாத வேறு வாசல் உண்டா?

உண்டு. அது மூக்கின் கூரை. நாம் முகரும்போது வேலை செய்யும் நரம்பு செல்கள் அங்கே நேரடியாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மூளையோடு சேர்ந்த நரம்பு வெளி உலகத்தை நேருக்கு நேர் தொடும் இடம் உடம்பில் இது ஒன்றுதான். அவற்றின் இழைகள் சல்லடை எலும்பின் ஓட்டைகள் வழியே மேலே ஏறி மூளையின் அடிப்பகுதிக்குப் போகின்றன. மூக்கின் சவ்வு உறிஞ்சும் மருந்துக்கு இன்னொரு சலுகை, அது முதலில் கல்லீரலுக்குப் போக வேண்டியதில்லை.

1974-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரைதான் இந்தப் பயணத்தின் முதல் மைல்கல். டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய ஈஸ்ட்ரடையாலையும் புரோஜெஸ்டிரோனையும் சில குரங்குகளுக்கு நரம்பில் ஊசியாகவும், சிலவற்றுக்கு மூக்கில் தெளிப்பாகவும் கொடுத்தார்கள். பிறகு ரத்தம், தண்டுவட நீர், திசுக்கள் ஒவ்வொன்றிலும் கதிரியக்கத்தை எண்ணினார்கள். மூக்கில் தெளித்தபோது மூளை நீருக்குப் போய்ச் சேர்ந்த பங்கு அதிகமாக இருந்தது. வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இனி அதில் எதை அனுப்பலாம் என்பதுதான் பாக்கி.

அது எழுபதுகளின் நடு. டெல்லியில் எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் ஜனத்தொகைதான் பேச்சு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77-ஆம் ஆண்டு மட்டும் நாட்டில் 82 லட்சம் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யப்பட்டது. பெரும்பாலோர் ஆண்கள், அதில் பலர் விருப்பமில்லாமல். இப்படிப்பட்ட காலத்தில், கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், மூக்கில் ஒரு தெளிப்பு போதும் என்று ஒரு விஞ்ஞானி சொன்னால் அதிகாரிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! 1977 டிசம்பரில் ஆனந்த் குமாரும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் அதைத்தான் அறிவித்தார்கள். பெண் குரங்கின் மூக்கில் புரோஜெஸ்டிரோனையோ நோரெத்திஸ்டிரோனையோ தெளித்தால் கருமுட்டை வெளிவருவது நின்றுவிடுகிறது. அதற்குத் தேவைப்பட்ட அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான். சுகாதார நிலையத்து ஊசியில் இன்று உள்ள 150 மில்லிகிராமை இதோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. மருந்து வேறு, உடம்பு வேறு, ஊசி மூன்று மாதம் தாங்க வேண்டும். ஆனாலும் யோசனையின் கவர்ச்சி புரியும். உடம்பு முழுவதையும் மருந்தில் ஊற வைக்காமல், ஆணை பிறக்கும் இடத்துக்கு மட்டும் சேதி சொல்வது. எழுபதுகளின் பிற்பகுதியில் அவருக்கு சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது.

    

1982-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஆனந்த் குமார் குழு இன்னும் கறாரான கணக்கோடு வந்தது. சூலகம் நீக்கிய குரங்குகளுக்கு அதே புரோஜெஸ்டிரோனை ஊசி, சொட்டுச் செலுத்தல், மூக்குத் தெளிப்பு என்று மூன்று வழியில் கொடுத்து, எந்த நேரத்தில் எங்கே எவ்வளவு என்று வரைந்தார்கள். எண்பதுகளில் மும்பையில் பெண்களுக்கும் நோரெத்திஸ்டிரோன் தெளிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் அது போகவில்லை. இந்தியா உலகுக்குத் தந்த கருத்தடை மருந்து என்று இன்று சொல்வது லக்னோவில் பிறந்து 1991-இல் 'சஹேலி' என்று கடைக்கு வந்த மாத்திரையை. அரசு நிலையங்களில் 'சாயா' என்று கொடுப்பதும் அதுவே. மூக்குத் தெளிப்பு கடைக்கு வரவே இல்லை. சளி பிடித்தால் எவ்வளவு உறிஞ்சும், தெளிக்கும்போது மூக்கின் கூரைக்கு எவ்வளவு போகும், தொண்டைக்கு எவ்வளவு வழியும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கருத்தடை மருந்தில் நூற்றுக்கு ஐந்து தப்பினாலும் ஐந்து பிள்ளைகள்.

அந்த மனிதரின் பாதை இங்கே திரும்புகிறது. மும்பை பரேலில் உள்ள இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்துக்கு ஆனந்த் குமார் இயக்குநராகப் போனார். பிறப்பைத் தடுக்கும் வழிகளைத் தேடுவதும் அந்த நிறுவனத்தின் வேலை. அங்கிருந்தபடி, பக்கத்தில் இருந்த கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து அவர் செய்தது பிள்ளை பிறக்க வைக்கும் வேலை. 1986 ஆகஸ்ட் 6 அன்று சோதனைக்குழாய்ப் பெண் குழந்தை பிறந்தது. அறிவியல் முறைப்படி ஆவணப்படுத்திய இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று நாடு கொண்டாடியது. நான்கு வருடம் கழித்து, 1990-இல், சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் கையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது.

இதைத் திசைமாற்றம் என்று நான் நினைக்கவில்லை. செயற்கைக் கருத்தரிப்பில் மருந்தால் சூலகத்தைத் தூண்டிப் பல முட்டைகளை ஒரே முறையில் எடுக்கிறார்கள். அப்போது பிட்யூட்டரியின் தூண்டல் அடங்கிவிடும். மஞ்சள் திசு போதிய புரோஜெஸ்டிரோனைச் சுரக்காது. அதனால் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். மூளைக்கும் சூலகத்துக்கும் நடுவில் நடக்கும் பேச்சுவார்த்தையை மனிதன் கையிலெடுத்துக்கொள்ளும் சிகிச்சை அது. தேவாங்கிலிருந்து அந்தப் பேச்சுவார்த்தையைக் கேட்டுவந்தவருக்கு அது புது ஊர் இல்லை. பிட்யூட்டரியை அடக்கி வைக்கும் பியூசெரெலின் என்ற மருந்தை உலகின் பல மருத்துவமனைகள் அந்தச் சிகிச்சைக்கு மூக்குத் தெளிப்பாகவே கொடுத்தன என்பதும் குறிப்பிட வேண்டியது.

ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் 'ஹோப்' என்ற கருத்தரிப்பு மையத்தை நடத்தினார். 1997-இல் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தா போனபோது, இறந்துபோன டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் கைப்பட எழுதிய குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. சுபாஷும் ஹார்மோன்காரர்தான்; எடின்பரோவில் இனப்பெருக்க ஹார்மோன்களில் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றவர். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து 70 நாள் கழித்து, 1978 அக்டோபர் 3 அன்று, தன் முறையில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாக அறிவித்தார். மாநில அரசு அமைத்த குழு நம்பவில்லை. ஜப்பான் போய் விளக்க அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார்.

குறிப்புகளைப் படித்த ஆனந்த் குமாருக்கு விஷயம் விளங்கியது. ஹார்மோன் ஊசியால் சூலகத்தைத் தூண்டியது, முட்டையை எடுத்த வழி, கருவை உறைய வைத்துப் பிறகு கருப்பையில் வைத்தது எல்லாம் அதில் இருந்தன. அதே வருடம் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், தன் கதிரியக்கத் தெளிப்புக் கட்டுரை வந்த அதே இதழில், இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் சிற்பி சுபாஷ்தான் என்று எழுதினார். பதினோரு வருடமாகத் தன் குழுவின் பெயரில் இருந்த பட்டம் அது. கேட்டு யாரும் வாசலில் நிற்கவில்லை. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் அதை ஏற்றது. ஆனந்த் குமார் 2010 ஜனவரியில் பெங்களூரில் காலமானார்.

மூலக்கூறு அதோடு நிற்கவில்லை. புரோஜெஸ்டிரோனுக்கு மூளையில் வேறொரு வேலையும் இருப்பது வெகுநாளாகத் தெரியும். 1941-லேயே ஹான்ஸ் செல்யே எலிகளுக்கு நிறையக் கொடுத்து அவை மயங்கி விழுவதைப் பார்த்தார். மூளையே இத்தகைய ஸ்டீராய்டுகளைச் செய்துகொள்கிறது என்று எண்பதுகளின் தொடக்கத்தில் பாரிஸில் எதியென் போலியூ காட்டினார். தலையில் அடிபட்டவர்களைப் புரோஜெஸ்டிரோன் காப்பாற்றும் என்று எலிகளில் கண்டதை நம்பி, 2,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2014 டிசம்பரில் முடிவு வந்தது: இரண்டிலும் பலன் பூஜ்யம்.

பலன் வேறு பக்கத்தில் இருந்தது. புரோஜெஸ்டிரோன் மூளையில் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறுகிறது. அது நரம்புகளின் பதற்றத்தைத் தணிக்கிறது. பிரசவமானதும் சில நாளில் இரண்டின் அளவும் மடமடவென்று சரியும். சில தாய்மார்களின் மனம் அப்போது இருண்டுபோவதற்கு இந்தச் சரிவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற எண்ணத்தில், 2019-இல் அமெரிக்கா அதே பொருளை மருந்தாக அனுமதித்தது. நரம்பு வழியாக 60 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது, அதுவரை கைக்குழந்தைக்காரி ஆஸ்பத்திரியில். வாயால் கொடுத்தால் கல்லீரல் விடாது. அந்தப் பழைய தடைதான். இதே நோய்க்கு 2023-இல் வந்த சுரனலோன் என்ற மருந்து மூக்கைத் தேடிப் போகவில்லை. நோரெத்திஸ்டிரோனைச் செய்தவர்களைப் போல மூலக்கூறையே மாற்றிக் கல்லீரலைத் தாண்டியது. பதினான்கு நாள், சாயங்காலம் ஒரு வேளை. கொஞ்சம் எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் ஏறும்.